காட்டுப்பள்ளிக் கரையில் சரிபார்ப்பு: ஆயுதக் குறைப்பு அறிவியலும் சூழல் பாதுகாப்பும்

1976 ஜனவரியில், ஆயுதக் குறைப்புக்காக விஞ்ஞானிகள் நடத்தும் பக்வாஷ் இயக்கத்தின் 25-வது மாநாடு சென்னையில் நடந்தது. ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் கையெழுத்திட்டு 1955-இல் வெளியான அறிக்கையிலிருந்து பிறந்த இயக்கம் அது. அதன் முதல் கூட்டமே நேருவின் அழைப்பின்பேரில் இந்தியாவில் நடக்க வேண்டியது. சூயஸ் நெருக்கடி குறுக்கிட்டதால் 1957-இல் கனடாவின் பக்வாஷ் என்னும் மீனவர் ஊருக்குப் போய்விட்டது. சென்னை மாநாடு எடுத்துக்கொண்ட பொருள் வளர்ச்சி, வளங்கள், உலகப் பாதுகாப்பு. ஆயுதங்களை எண்ணுவது மட்டும் பாதுகாப்பாகாது, நீரும் நிலமும் உணவும் அதில் சேரும் என்ற எண்ணம் அந்தத் தலைப்பிலேயே இருந்தது. பின்னர் 2002 முதல் 2007 வரை அந்த இயக்கத்தின் தலைவராக இருந்தவர் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். அதே காலகட்டத்தில், 2004-05-இல், கடலோர ஒழுங்குமுறை விதிகளை மறுபரிசீலனை செய்த மத்திய அரசுக் குழுவுக்கும் அவரே தலைவர்.

ஆயுதக் குறைப்பும் கடற்கரைப் பாதுகாப்பும் இப்படி ஒரே மேசைக்கு வந்தன. ஆனாலும் இந்த இரு துறைகளின் அறிவும் நம் கரையில் இன்றுவரை ஒன்றுக்கொன்று பயன்படவில்லை. ஆயுதக் குறைப்பு அறிவியல் கடந்த அரை நூற்றாண்டில் கண்டடைந்தவற்றுள் மிகப் பெரியது சரிபார்ப்பு முறை: வைத்திருப்பவர் அளவைச் சொல்ல வேண்டும், அவருக்குக் கட்டுப்படாத ஒருவர் வந்து எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்பகுதிக்கு உடனடியாகத் தேவைப்படுவது இந்த முறைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பனிப்போர் முடிந்தபின் நேட்டோவின் அறிவியல் திட்டம் கிழக்கு, மேற்கு நாடுகளின் விஞ்ஞானிகளை ஒரே அறையில் உட்காரவைத்துப் பல பயிலரங்குகளை நடத்தியது. ஆயுதக் குறைப்புத் தொழில்நுட்பமும் சூழல் பாதுகாப்பும் அவற்றில் அடுத்தடுத்த பிரிவுகள். அவை அருகருகே அமைந்ததற்குக் காரணம் இருந்தது. ஆயிரக்கணக்கான டன் நச்சை அழிப்பதாக ஒப்புக்கொண்ட நாடுகளுக்கு அதை எங்கே, எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பால்டிக் கடலில் கொட்டப்பட்ட நச்சுக் குண்டுகள் மீனவர்களின் வலைகளில் ஏறிக்கொண்டிருந்தன. 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கை, நீரில் கொட்டுவதையும் மண்ணில் புதைப்பதையும் திறந்த குழியில் எரிப்பதையும் தடைசெய்தது. அழிக்கும்போது மக்களின் பாதுகாப்புக்கும் சூழலுக்கும் தலையாய இடம் தரப்பட வேண்டும் என்றது.

இந்த வரலாற்றில் நமக்கு மிக நெருக்கமான பகுதி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நடந்தது. புளூகிராஸ் கிடங்கில் இருந்த நச்சு ஆயுதங்களை எரித்து அழிக்க ராணுவம் திட்டமிட்டது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் புகைபோக்கியிலிருந்து என்ன வெளிவரும் என்று கேட்டார்கள்; கிடைத்த பதிலில் நிறைவடையாமல் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் மாற்று முறைகளைத் தேடத் தனித் திட்டமே உருவாக்கியது. அந்தத் தேர்வில் குடிமக்களுக்கும் இடம் இருந்தது. முடிவில் நீராற்பகுப்பு வழியாக நச்சை முறிக்கும் முறை வந்தது. அமெரிக்காவின் கடைசி ரசாயன ஆயுதம் 2023 ஜூலை 7 அன்று அதே கிடங்கில் அழிக்கப்பட்டது. வேலை தாமதமானது, செலவும் கூடியது, உண்மைதான். ஆனால் தொழில்நுட்பம் எது என்பதை ஊர் மக்களும் சேர்ந்து தீர்மானித்தார்கள். பயிலரங்குக் கட்டுரைகள் பலவற்றைவிட அந்த ஊர்க் கூட்டங்கள் அறிவியலுக்கு அதிகம் கொடுத்தன என்பது என் மதிப்பீடு.

இந்தியாவும் இதில் பின்தங்கியதில்லை. 1997-இல் 1,044 டன் கந்தகக் கடுகு நச்சு தன்னிடம் இருப்பதாக அறிவித்து, 2009 மார்ச்சுக்குள் முழுவதையும் அழித்து முடித்தது. 2000-இல் இதற்கென நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. உடன்படிக்கையை ஆலைகளிடம் கொண்டுசேர்த்ததற்காக இந்திய ரசாயனத் தொழில் கூட்டமைப்புக்கு, உடன்படிக்கையைச் செயல்படுத்தும் ஹேக் அமைப்பின் விருது 2024-இல் கிடைத்தது. ரசாயனத் தொழில்துறை அமைப்பு ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆகவே நம் ஆலைகளுக்குச் சரிபார்ப்பு புதிதில்லை, அந்நியமும் இல்லை.

ஆலைகளில் அந்தச் சரிபார்ப்பு நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள பொருளைக் கையாளும் ஆலைக்கு ஆய்வாளர்கள் வருவதற்கு 48 மணி நேரம் முன்னறிவிப்பு போதும். வந்தபின் 96 மணி நேரம் வரை இருக்கலாம். உள்ளே வந்த மூலப்பொருள் எவ்வளவு, வெளியே போன சரக்கு எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிடுவார்கள். கலன்களையும் குழாய்களையும் வரைபடத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். மாதிரி எடுத்தால், வாயுப் பகுப்பியும் நிறைமாலைமானியும் இணைந்த கருவியில் ஏற்றுவார்கள். அந்தக் கருவியின் மென்பொருளை மறைப்பு நிலையில் ஓட்ட முடியும் என்பதுதான் இங்கே முக்கியம். உடன்படிக்கை தொடர்பான சேர்மம் மாதிரியில் இருந்தால் காட்டும். மற்ற எதையும் காட்டாது. ஆலையின் தொழில் ரகசியம் ஆலையிலேயே இருக்கும், ஆய்வாளருக்கு வேண்டிய பதிலும் கிடைத்துவிடும். ரகசியத்தையும் சரிபார்ப்பையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு கருவி போதுமான மறுப்பு.

இனி நம் கரைக்கு வருவோம். காட்டுப்பள்ளி, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை உப்பங்கழியும் சூழ்ந்த மணல் திட்டு. தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு ஏரி. இந்தத் திட்டிலும் சுற்றிலும் காமராசர் துறைமுகம், அனல் மின்நிலையங்கள், திரவ இயற்கை எரிவாயு முனையம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கப்பல் கட்டும் தளம் ஆகியவை நெருங்கி நிற்கின்றன. தெற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலைகளும். வடமேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், அங்கேயே ஆபத்தான தொழிற்கழிவைப் புதைக்கும் இடமும். சென்னைக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தர அமைக்கப்பட்ட கடல்நீர் ஆலை 2010 முதல் இருப்பதும் இதே காட்டுப்பள்ளியில்தான். எண்ணெய் கசிந்தால் பாதிக்கப்படுவது மீன்பாடு மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே அளவு தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்பதற்கு மணலி சரக்குப் பெட்டக நிலையமே சாட்சி. 2015-இல் சுங்கத்துறை கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட் ஏறக்குறைய 697 டன், 37 பெட்டகங்களில் ஐந்தாண்டுகள் அங்கே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அதே பொருள் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் அது நமக்குச் செய்தியானது. சில நாட்களிலேயே ஏலத்தில் விற்கப்பட்டு ஐதராபாத்துக்குப் புறப்பட்டது. ஐந்தாண்டுகளாக முடியாத காரியம் சட்டென்று முடிந்ததற்கு ஒரே காரணம், அளவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டதுதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் வேளையில் எண்ணூரில் உர ஆலைக்குக் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமே முதல் எச்சரிக்கை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தெருவுக்கு வந்தார்கள். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்பது இத்தகைய கசிவில் உயிர் காக்கும் எளிய பாடம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒத்திகை வேண்டும். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஆலை வாயிலருகே காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கலாம் என்ற இடத்தில் 2,090 இருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்புக்கு எதிரே 49. அந்த எண்கள் வெளிவரும்போது கசிவு நின்றிருந்தது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலைக் கழிமுகத்தில் இறங்கியிருந்தது. 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை வாளியால் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் படகும் வாளியுமாக மீனவர்களே கழிமுகத்தில் இறங்க வேண்டியிருந்தது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு தொழிற்சாலைச் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டு, ஆபத்து பற்றிய தகவலைச் சுற்றுவட்டார மக்களுக்குத் தருவது உரிமையாளரின் கடமையானது. 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளின் 15-வது விதி அதையே வலியுறுத்துகிறது. 1996-ஆம் ஆண்டு விதிகள் மத்தியிலிருந்து உள்ளூர் வரை நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. குறை வேறு இடத்தில் இருக்கிறது. சொல்லப்பட்ட அளவை வெளியாள் ஒருவர் வந்து எண்ணிப் பார்த்து, பார்த்ததைக் கரையில் வாழ்பவர்களுக்குச் சொல்லும் கட்டம் அவற்றில் இல்லை. ஹேக்கிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இந்தியச் சட்டப்படி நம் ஆலையின் இருப்பேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை உண்டு. ஆலை மதிலுக்கு வெளியே படுத்துறங்கும் பெரியகுப்பத்துக் குடும்பத்துக்கு அதில் ஒரு வரி தெரிய வழியில்லை. அம்மோனியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் உடன்படிக்கையின் பட்டியலில் இல்லை என்பதை அறிவேன். நான் கேட்பது அந்த உடன்படிக்கையின் முறையை.

காட்டுப்பள்ளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் இடம்பெயர்ந்து வழிவிட்ட கப்பல் கட்டும் தளம் இன்று போர்க்கப்பல் தளம். 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்த அர்னாலா என்ற போர்க்கப்பல் இங்கே உருவானது. 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்கக் கடற்படையின் துணைக்கப்பல் சார்லஸ் ட்ரூ பழுதுபார்க்க வந்தது. இந்தியாவில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டு அதற்கான நீண்டகால ஒப்பந்தமும் கையெழுத்தானது. கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை போர்க்கப்பல்களையும் கடற்படைத் துணைக்கப்பல்களையும் கட்டுப்படுத்தாது. இயன்றவரை அதற்கிணங்க நடக்கும்படி அந்தந்த நாடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. நம் 2006-ஆம் ஆண்டு சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் நாட்டின் பாதுகாப்பு சார்ந்த திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஒரே கரையில் ஆயுதமும் ரசாயனமும் உப்பங்கழியும் கூடும்போது, மிகக் கடுமையாகப் பார்க்க வேண்டிய இடமே மிகக் குறைவாகப் பார்க்கப்படும் நிலை வருகிறது. நாட்டின் பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. நாடுகள் தங்கள் ஆயுதக் கிடங்குகளையே அயல்நாட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்துகாட்டிய பிறகு, கப்பல் தளத்தின் கழிவுநீர்த் தொட்டியைக் காட்ட முடியாது என்ற வாதம் நிற்காது.

அளவுகளை வெளியிட்டால் நாசகாரர்களுக்கு உதவும் என்ற தடை பொறுப்போடு எழுப்பப்படுவது. பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். போபாலின் அதிர்ச்சியில் அமெரிக்கா 1986-இல் மக்களின் அறியும் உரிமைக்குச் சட்டம் செய்தது. பின்னர் இதே அச்சம் எழுந்தபோது, மிக மோசமான விபத்து நேர்ந்தால் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்ற விவரங்களை இணையத்தில் போடாமல் அரசு வாசிப்பறைகளில் வைத்தார்கள். யாரும் போய்ப் படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், நகலெடுக்க முடியாது. பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்தில் அப்படியோர் அறை வைக்க ஒரு அலமாரியும் ஒரு பொறுப்பாளரும் போதும்.

ஆகவே சென்னை மீண்டும் ஒரு பன்னாட்டுப் பயிலரங்கை நடத்த வேண்டும். இம்முறை அது மீஞ்சூரிலோ பழவேற்காட்டிலோ, தமிழிலும் நடக்க வேண்டும். ஹேக் அமைப்பின் முன்னாள் ஆய்வாளர்கள், கென்டக்கியின் குடிமக்கள் குழுவினர், குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தின் வேதியியலாளர்கள், நம் ஐஐடி, அண்ணா பல்கலைக்கழக ஆசிரியர்கள், மீனவர் பஞ்சாயத்தார் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தப் பகுதிக்கான அறிவிப்புப் படிவம் ஒன்றை எழுத வேண்டும். எந்தப் பொருள், அதிகபட்சம் எத்தனை டன், கசிந்தால் எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்று கேள்விகளுக்கு மேல் அதில் தேவையில்லை. மீனவர்களுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்பவர்கள் பழவேற்காட்டின் பாடு முறையைப் பார்க்கலாம். எந்த ஊர், எந்த நாள், எந்த நீர்ப்பரப்பில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்து, மீறியவரைக் கண்டறிந்து தீர்த்துக்கொண்ட சமூகம் அது. கணக்கும் கண்காணிப்பும் அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கரையோரக் காற்றில் அம்மோனியாவை அளக்கும் கருவிகளின் அளவீடு ஆலையின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் அதே நொடியில் குப்பத்தின் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கும் போக வேண்டும்.

இதற்கு உடனடியான காரணமும் இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் நிலுவையில் உள்ளது. ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்கு கையாளும் திறன் 320 மில்லியன் டன்னாக உயரும் என்கிறது அத்திட்டம். மக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த 320 மில்லியனில் எரியக்கூடியது எவ்வளவு, வெடிக்கக்கூடியது எவ்வளவு, நச்சு எவ்வளவு, ஏற்கெனவே பக்கத்துக் கிடங்குகளில் உள்ளவற்றோடு சேர்த்தால் மொத்தம் எவ்வளவு என்ற கணக்கு, வெளியார் எண்ணிச் சரிபார்த்த வடிவில், அடுத்த கருத்துக்கேட்புக்குக் குறைந்தது முப்பது நாள் முன்பாகத் தமிழில் மக்கள் கைக்கு வர வேண்டும். அது வராமல் கூட்டம் கூட்டினால், அந்தக் கூட்டத்தை ஏற்க வேண்டாம் என்று சுற்றுவட்டார ஊராட்சிகள் தீர்மானம் நிறைவேற்றலாம். ஊராட்சிச் சட்டம் அவர்களுக்குக் கிராம சபையைத் தந்திருக்கிறது.