காயலில் இறங்கிய குதிரைகள்

நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு குதிரை வந்தது. அரபு நாட்டு உயர்சாதிக் குதிரை. மாலையில் காயல் துறைமுகத்தில் மரக்கலத்திலிருந்து இறங்கியது. அன்றிரவே கதாநாயகன் அதன்மேல் தாவி ஏறினான். கீழ்வானம் வெளுக்கும்போது மதுரைக் கோட்டை வாசலில் நின்றான். இடையில் உள்ள நூறு மைலையும் நான் ஒன்றரைப் பக்கத்தில் கடந்துவிட்டேன்.

வாசகர்கள் பலர் அந்த அத்தியாயத்தைப் பாராட்டி எழுதினார்கள். ஒருவர் மட்டும் ஒரு கார்டில் நாலே வரி எழுதியிருந்தார்: "உங்கள் கதாநாயகன் மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். குதிரை வழியிலேயே செத்திருக்கும். அவகாசம் இருந்தால் ஒரு தடவை வந்து பாருங்கள்."

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் அவர். வீட்டின் பின்கட்டில் நாலைந்து குதிரைகளை வைத்துப் பராமரித்து வந்தார். கதை எழுதுகிறவனுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். வாதாடி ஜயித்துவிட்டு வரலாம் என்றுதான் புறப்பட்டேன்.

நான் போன அன்றுதான் அவருடைய லாயத்துக்குப் புதிதாக ஒரு பெண் குதிரை வந்து சேர்ந்திருந்தது. லாரியில் இரண்டு நாள் பயணம். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காது இரண்டும் இங்குமங்கும் திரும்பிக்கொண்டே இருந்தன. முன்னால் வைத்திருந்த புல்லை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏறி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"பத்து நாளைக்கு அந்தப் பேச்சே கிடையாது, சார். இன்றைக்கு அவளுக்குத் தண்ணீர் காட்டுவோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவ்வளவுதான்" என்றார்.

குதிரையோடு கூட இரண்டு மூட்டைத் தீனியும் வந்திருந்தது. பழைய இடத்தில் அது தின்றுகொண்டிருந்த தீனி. முதலில் அதைத்தான் கொடுக்கவேண்டுமாம். பிறகு நாளுக்கு ஒரு பிடியாகப் புதுத் தீனியைக் கலந்துகொண்டே வந்து, பத்து நாளில் முழுவதும் மாற்றவேண்டுமாம். பார்வைக்கு அவ்வளவு பெரிய பிராணியாக இருந்தாலும் அதன் இரைப்பை சிறியது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புல்லைச் செரிக்க வைப்பவை பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். தீனியைத் திடீரென்று மாற்றினால் அவை நிலைகுலையும். தானியத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் வயிற்று வலி கண்டு குதிரை புரளும். அல்லது குளம்புக்குள் அழற்சி கண்டு நொண்டியாகி நிற்கும். "அன்பு மிகுதியால் குதிரையைக் கொல்வது ரொம்பச் சுலபம்" என்றார் டாக்டர்.

அந்த வாக்கியம் என்னைச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால், கதைக்காக நான் படித்திருந்த பழைய யாத்திரிகர் குறிப்புகளில் இதே செய்தி இருந்தது. படித்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

பாண்டிய நாட்டுக்குக் குதிரை கடல் வழியாகத்தான் வரவேண்டும். கப்பலில் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், இந்த வியாபாரம் உச்சத்தில் இருந்தது. 1290-களின் தொடக்கத்தில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்ட ஐந்து அரசர்களும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரை, அதற்கு மேலும்கூட, ஆண்டுதோறும் வாங்கினார்கள் என்கிறார். ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கு மேல். ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லையாம்!

ஹோர்முஸ் துறையில் குதிரைகளை ஏற்றும் விதத்தையும் அவர் எழுதியிருக்கிறார். சரக்கைப் பரப்பி, அதன்மேல் தோலை விரித்து, தோலின்மேல் குதிரைகளை நிறுத்துவார்களாம். வாரக்கணக்கில் அப்படி ஆடி அசைந்து நின்றுகொண்டே வந்த குதிரையின்மேல்தான் என் கதாநாயகன் தாவி ஏறினான்!

பாரசீகத்திலிருந்து எழுதிய வஸ்ஸாப் என்ற சரித்திரக்காரர் கணக்கையே கொடுக்கிறார். கிஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகள் 1,400-ஐ இங்கே அனுப்ப ஒப்பந்தம். தலைக்கு 220 பொன் தினார். வழியில் குதிரை செத்தாலும் பாண்டியனுடைய கருவூலம் விலையைக் கொடுத்துவிடவேண்டும். ஜமாலுத்தீனுடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடமே அமைச்சராக இருந்தார் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்கவேண்டும். விற்பவர் அண்ணன் தம்பிகளில் ஒருவர். வாங்குகிற அரண்மனையில் மற்றவர்!

இறங்கிய பிறகு என்ன நடந்தது? வறுத்த வாற்கோதுமையையும் நெய் கலந்த தானியத்தையும் தின்னக் கொடுத்தார்கள். காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கக் கொடுத்தார்கள். நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்துக் கொழுக்க வைத்தார்கள். பிறகு பழக்காமலே ஏறி விரட்டினார்கள் என்கிறார் வஸ்ஸாப். சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நாற்பது நாள் நடக்க விடாமல் நெய்யும் தானியமுமா? எமனுக்குத் தனியாக ஓலை வேறு அனுப்ப வேண்டுமா?" என்றார்.

இதைவிடக் கொடிய செய்தி ஒன்று உண்டு. பாண்டிய நாட்டில் லாடம் கட்டவும் குதிரை வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இல்லை; வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை அழைத்து வருவதில்லை, வரவும் விடுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு யார் வாங்குவார்கள்? குதிரையை விற்றார்கள், குதிரையைக் காப்பாற்றும் வித்தையை மட்டும் விற்கவில்லை.

அந்நியர்கள் சொன்னதை அப்படியே நம்பலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வஸ்ஸாப் எழுதியது கேள்வி ஞானத்தில். கொள்ளை வேகவைத்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம், அதில் குற்றமில்லை. அதைப் பார்த்த அந்நியனுக்கு எல்லாமே சமைத்த சாப்பாடாகத் தோன்றியிருக்கலாம். இன்னொன்று: 1311-ல் மாலிக் காபூர் படையெடுத்து வந்து கொண்டுபோனவற்றில் 5,000 குதிரைகள் இருந்தன என்று அமீர் குஸ்ரோ எழுதுகிறார், 20,000 என்கிறார் பரணி. எந்தக் கணக்கு சரியானாலும், எல்லாக் குதிரைகளும் ஆண்டுதோறும் செத்திருந்தால் இவை எங்கிருந்து வந்தன? ஆகவே, பல குதிரைகளை யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு லாயக்காரன், குதிரையின் கண்ணைப் பார்த்து, நெய்ச் சட்டியை ஒதுக்கிவிட்டுப் புல்லை அறுத்து வந்து போட்டிருப்பான். அவனைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசவில்லை.

ஆனாலும், ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது என்ற உண்மை நிற்கிறது. பாண்டியனோடு அது முடியவுமில்லை. விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மன், கடலில் செத்துப்போன குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலே முழு விலையையும் கொடுத்தான் என்று நூனிஸ் என்ற போர்த்துகீசியர் எழுதிவைத்திருக்கிறார். வாலுக்கு விலை கொடுக்கிற அரசனிடம் குதிரையை உயிரோடு கொண்டுவரும் கவலை வியாபாரிக்கு எதற்கு?

மாணிக்கவாசகர் கதை நினைவுக்கு வந்தது. பாண்டியன் பணம் கொடுத்துக் குதிரை வாங்கச் சொல்கிறான். குதிரைகளும் வந்து சேருகின்றன. பகலில் எல்லோரும் மெச்சுகிறார்கள். இரவில் லாயத்தில் அவை நரிகளாக மாறிவிடுகின்றன. பக்தர்களுக்கு அது இறைவனின் திருவிளையாடல். ஆனால் காலையில் லாயத்தைத் திறந்தால் நேற்று வாங்கிய குதிரை இல்லை என்ற அனுபவம், இந்த நாட்டு அரசர்களுக்குப் புதிதல்ல என்றும் எனக்குத் தோன்றியது.

டாக்டர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். புதுக் குதிரைக்குப் பக்கத்துத் தடுப்பில் ஒரு கிழக் குதிரையைக் கட்டியிருந்தார்கள். குதிரைக்குத் தனிமை ஆகாது. லாயத்துப் பையன் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அங்கேயே படுத்துக்கொண்டான். முதல் இரண்டு இரவும் அது படுக்கவே இல்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆழ்ந்து தூங்க வேண்டுமானால் படுத்தாக வேண்டும். பயமுள்ள இடத்தில் அது படுக்காது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பையன் ஓடிவந்து எங்களை எழுப்பினான். போய்ப் பார்த்தோம். புல்லை மென்றுகொண்டு நின்றது குதிரை. அதன் விலாவில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"படுத்திருக்கிறாள்!" என்றார் டாக்டர். பரீட்சையில் பிள்ளை தேறிய தகப்பனார் முகம் அப்படித்தான் இருக்கும்.

நான் வாதாடவில்லை. கதை புத்தகமானபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். கதாநாயகன் நாட்டு மட்டக் குதிரைகளில், வழியில் இரண்டு இடங்களில் மாற்றி ஏறி, மூன்றாம் நாள் மதுரை சேருகிறான். அரபுக் குதிரை காயலிலேயே இருக்கிறது. ஒரு கிழவன் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். பழைய வேகம் போய்விட்டதென்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

டாக்டரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இந்தத் தடவை ஒரே வரி: "குதிரை பிழைத்தது."