நாய்முடிக் கம்பளி

1792 மே மாதம் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய சியாட்டில் நகருக்கு எதிர்ப்புறம் நங்கூரம் போட்டிருந்தார். கரையில் இருந்த குடியிருப்பில் பார்த்த நாய்களைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்தார். பொமரேனியா நாய்களின் சாயல். ஆனால் உருவத்தில் பெரியவை. இங்கிலாந்தில் ஆட்டுக்குச் செய்வதைப் போல மயிரைத் தோலோடு ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். கத்தரித்த மயிரின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் பெரிய பாளமே பிரியாமல் மேலே வந்ததாம்.

மற்றவர்கள் இதைக் கப்பல்காரர் கதை என்று ஒதுக்கலாம். எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளைச் சடைநாய் இருக்கிறது. ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்பார்கள். நாய் மருத்துவர் ஸ்பிட்ஸ் என்கிறார். வெயில் ஏறத் தொடங்கியதும் அது உள்முடியைக் கழற்றும். வாசல் திண்ணையில் உட்கார்ந்து வாரினால் சீப்போடு பஞ்சுப் பொதியே வரும்.

இந்த நாய்களுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமாக, சற்று முரடாக ஒன்று. அதன் அடியில் குட்டையாக, மெத்தென்று இன்னொன்று. மேல்முடியை மட்டும் வாரிவிட்டால் பார்வைக்கு மினுமினுப்பாக இருக்கும். ஆனால் காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் சிக்கு இறுகிக்கொண்டே போகும். முடியை வகிர்ந்து, தோல் தெரியப் பிடித்துக்கொண்டு, முதலில் நுனிச் சிக்கை எடுத்து, பிறகு அடிக்கு வரவேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்பே வாரிவிட வேண்டும் என்பது முக்கியம். சிக்கோடு நனைந்த முடி காயும்போது இறுகிக் கட்டியாகிவிடும்; பிறகு கத்தரிதான் கதி. நான் பிறந்தது சென்னிமலையில், தறிக்காரர் வீட்டில். அறுந்த இழையையும் சிக்கு விழுந்த சிட்டத்தையும் பார்த்து வளர்ந்த கைக்கு இந்த வேலை புதிதல்ல. வாரி எடுத்த முடியைக் குப்பையில் போட மட்டும் மனம் வராது. அந்தக் கரையில் யாரும் அப்படிப் போடவில்லை என்று தெரிந்தபிறகுதான் அவர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வான்கூவர் பார்த்தவர்கள் கடலோர சாலிஷ் மக்கள். இன்றைய அமெரிக்க, கனடா எல்லையின் இருபுறமும், ப்யூஜெட் சவுண்ட் முதல் ஃப்ரேசர் ஆற்று முகத்துவாரம், வான்கூவர் தீவு வரை பரவியிருந்த பல குலங்கள். அவர்களிடம் இரண்டு வகை நாய்கள் இருந்தன. வேட்டைக்கும் காவலுக்கும் ஒரு வகை. கம்பளிக்கென்றே இன்னொரு வகை. இரண்டும் கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு முடி குட்டையாகிவிடும். அதனால் கம்பளி நாய்களைச் சிறு தீவுகளிலோ பட்டிகளிலோ தனியே வைத்தார்கள். பெண்கள் படகில் போய் மீன் போட்டு வளர்த்தார்கள். நாய்கள் பெண்களின் சொத்து. எத்தனை நாய் வைத்திருக்கிறாள் என்பதில் ஒருத்தியின் செல்வாக்கு தெரிந்தது.

கத்தரிக்கக் கிளிஞ்சல் கத்தி. இரும்பு வந்தபிறகு இரும்புக் கத்தி. நாய்முடியைத் தனியே நூற்பது கடினம், வழுக்கும். அதனால் மலையாட்டு மயிரைக் கலந்தார்கள். சில இடங்களில் செடிகளின் பஞ்சையும் சேர்த்தார்கள். முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுக்க அவர்கள் கண்ட வழிதான் எனக்குப் பெரிய வியப்பு. நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான ஒரு வெண்மண் அங்கே கிடைக்கும். அதை முடிமேல் தூவி, மரவாளால் அடித்து அடித்துக் கலப்பார்கள். மண் பசையை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தொடையில் வைத்துத் திரியாக உருட்டி, கதிரில் முறுக்கேற்றுவார்கள். நம் தக்ளி விரலிடுக்கில் நிற்பது. அவர்கள் கதிரோ நீண்ட கழி, அதில் கோத்த மேப்பிள் மர வட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், அதன்மேல் மனிதரும் மிருகமுமாகச் செதுக்கு வேலை. தறி என்பது நட்டுவைத்த இரண்டு கம்பங்களும் குறுக்கே இரண்டு உருளைகளும்தான். நாடா கிடையாது; ஊடையை விரலால் செலுத்தினார்கள்.

1808ல் ஃப்ரேசர் ஆற்றின் வழியே வந்த சைமன் ஃப்ரேசர் என்ற பயணி, நாய்முடியில் நெய்த கோடுபோட்ட போர்வைகளைப் பார்த்து ஸ்காட்லாந்துக் கட்டத்துணியை நினைத்துக்கொண்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, அதே ஆற்றங்கரையில் இருந்த லாங்லி கோட்டையின் ஹட்சன் பே வணிகக் கம்பெனிக் குமாஸ்தாக்கள், மயிர் கத்தரித்த ஆட்டுக்குட்டிகளைப் போன்ற நாய்களோடு படகுகள் போனதை நாட்குறிப்பில் எழுதினார்கள். பால் கேன் என்ற ஓவியர் 1847ல் அந்தப் பக்கம் சுற்றியபோது போட்ட கோட்டுச் சித்திரங்களை வைத்துப் பின்னால் ஒரு எண்ணெய் ஓவியம் தீட்டினார்: தறியில் ஒரு பெண், எதிரே ஒரு வெள்ளை நாய்.

போர்வை வெறும் குளிருக்கு மட்டும் அல்ல. பொட்லாட்ச் என்னும் பெருவிருந்தில் கூட்டியவரே வந்தவர்களுக்கு வாரி வழங்குவார். நம் மொய் விருந்துக்கு நேர் எதிர். பெயர் சூட்டல், திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் போர்வை கைமாறியது.

அந்த நாய் இனம் இன்று இல்லை. ஏறக்குறைய பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. ஹட்சன் பே கம்பெனியின் மலிவான ஆலைக் கம்பளி வந்தது, நாய் வளர்க்கும் தேவை போய்விட்டது என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. எங்கள் சென்னிமலைக்கும் ஆலைத்துணி வந்தது, விசைத்தறி வந்தது. தறிகள் குறைந்தன, கூலி குறைந்தது, பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஆனாலும் சென்னிமலைப் பெட்ஷீட் ஒழிந்துவிடவில்லை. மலிவுச் சரக்கு ஒரு நெசவை நோஞ்சானாக்கும். ஒரேயடியாக இல்லாமலாக்க வேறு கைகளும் சேரவேண்டும்.

அங்கே சேர்ந்தன. 1862ல் விக்டோரியாவில் தொடங்கிய பெரியம்மை ஊர் ஊராகக் கொண்டுபோனது. நெய்யத் தெரிந்தவள் செத்தால் நாயை யார் வாருவது, யார் தீவுக்குப் படகு தள்ளுவது? மிஞ்சியவர்களின் பிள்ளைகளை அரசும் பாதிரிமாரும் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். பாட்டியிடம் உட்கார்ந்து கற்கும் வயது அங்கே கழிந்தது. 1884ல் கனடா அரசு பொட்லாட்சையே சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தத் தடை 1951 வரை நீடித்தது. கொடுக்க விருந்து இல்லையென்றால் போர்வை எதற்கு? சில துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி நம் நாட்டில் 1985ல் ஒரு சட்டம் வந்தது, அதில் பெட்ஷீட்டும் உண்டு. அதை மீறி விசைத்தறியில் ஓட்டுகிறார்கள் என்று எங்களுக்கு ஓயாத குறை. ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்க அதைச் சிலர் ஏமாற்றுவது வேறு, சட்டமே எதிரே வந்து நிற்பது வேறு.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் ஒரே ஒரு கம்பளி நாயின் தோல் இருக்கிறது. எல்லை அளவைக் குழுவில் பணிபுரிந்த ஜார்ஜ் கிப்ஸ் வளர்த்த நாய், பெயர் மட்டன். 1859ல் இறந்தது. அதன் மரபணுவைப் படித்தவர்கள் 2023 டிசம்பரில் சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பிய நாய்கள் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் மட்டனின் வம்சத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் பழைய அமெரிக்க நாய் வழி. கலப்பில்லாமல் காக்க அந்தப் பெண்கள் பட்ட பாட்டுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த ஆய்வில் சாலிஷ் மூத்தோரும் நெசவுக்காரர்களும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். மலிவுக் கம்பளிக் கதையை மறுத்ததும் அவர்கள்தான்.

நெசவு மட்டும் திரும்பி வந்தது. 1960களில் ஃப்ரேசர் ஆற்றங்கரையிலும், 1980களில் வான்கூவர் நகரை ஒட்டிய மஸ்க்வியம் குடியிருப்பிலும் பெண்கள் மறுபடி தறி நட்டார்கள். இப்போது போடுவது ஆட்டுக் கம்பளி. வான்கூவர் விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் இறங்கும் கூடத்தில், சூசன் பாயின்ட் என்ற மஸ்க்வியம் கலைஞர் சிவப்பு சீடர் மரத்தில் செதுக்கிய, ஏறக்குறைய 16 அடி விட்டமுள்ள வட்டு ஒன்று சுவரில் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போன என் சித்தி மகன் படம் எடுத்து அனுப்பி, ஏதோ சாமி சக்கரம்போல இருக்கிறது என்று எழுதியிருந்தான். நூல் நூற்கிற வட்டுடா, நம்ம வீட்டுச் சடைநாய் மாதிரி ஒரு நாயோட முடியைத்தான் அதுல முறுக்குவாங்க என்று பதில் போட்டேன்.