பழைய கணினியை மீண்டும் இயக்கும் முன் அதன் பவர் சப்ளையைச் சோதியுங்கள்

தோட்ட வீட்டைக் காலி செய்து தாமான் வீட்டுக்குக் குடியேறும்போது, பல குடும்பங்களின் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே 1980களின் வீட்டுக் கணினி ஒன்று வெளியே வருவதுண்டு. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஓட்டிய கமடோர் 64, சின்கிளேர் ஸ்பெக்ட்ரம், ஆப்பிள் 2 அல்லது அதன் தைவான், ஹாங்காங் நகல் போன்றவை அவை. கிராணி வீட்டிலும் ஆசிரியர் வீட்டிலும் பிள்ளைகளின் படிப்புக்கென்று சேமித்து வாங்கியவையாக அவை இருக்கும்.

கண்ட உடனே "ஓடுதா பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகுவதுதான் எல்லாரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் உயிரோடு இருக்கும் கணினியை ஒரு நொடியில் கொன்றுவிடக் கூடியது அதனோடு வந்த பவர் சப்ளை பெட்டிதான். கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டார வாசகர்கள் அந்தப் பெட்டியைச் சோதிக்கும் முறையையும், எதைத் தாங்களே செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதையும் இங்கே காணலாம்.

பெட்டி பழுதானால் கணினி ஏன் சாகிறது?

கணினியின் சிப்புகள் பெரும்பாலும் 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் அவற்றுக்குப் பாதுகாப்பான எல்லை. வீட்டு மின்சாரமோ 230, 240 வோல்ட். இதை டிரான்ஸ்பார்மர் குறைக்கிறது, டையோடு நேர் மின்சாரமாக்குகிறது, கெப்பாசிட்டர் சமன்படுத்துகிறது. கடைசியாக ரெகுலேட்டர் 5 வோல்ட்டில் நிறுத்திவைக்கிறது.

ரெகுலேட்டர் இரண்டு விதமாகப் பழுதாகும். மின்சாரமே வராமல் போனால் கணினிக்குத் தீங்கில்லை. உள்ளே வரும் முனையும் வெளியே போகும் முனையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. அப்போது கூடுதல் வோல்ட் நேரே கணினிக்குள் பாயும். முதலில் நினைவக சிப்புகள் போகும், பிறகு படத்தையும் ஒலியையும் தரும் சிப்புகள் போகும். கமடோர் 64இன் அந்தச் சிறப்புச் சிப்புகளை இன்று யாரும் தயாரிப்பதில்லை. அசல் சிப்பே வேண்டுமென்றால் பெரும்பாலும் வேறொரு பழைய கணினியிலிருந்துதான் கழற்றி எடுக்க வேண்டும்.

எந்தக் கணினிக்கு எந்த மின்சாரம்?

கமடோர் 64: 1982இல் வந்தது. இதன் பெட்டி இரண்டு வகை மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. அந்த 9 வோல்ட் ஏசி இல்லாவிட்டால் ஒலிச் சிப்பும் கேசட் மோட்டாரும் இயங்கா. எனவே சாதாரண அடாப்டர் எதுவும் இதற்கு ஈடாகாது. ஆரம்பகாலப் பெட்டிகளின் உட்பகுதி முழுவதும் கெட்டிப் பிசின் ஊற்றி மூடப்பட்டிருக்கும். உள்ளே உண்டாகும் சூடு வெளியேற வழியில்லை, திறந்து பழுது பார்க்கவும் முடியாது. 5 வோல்ட் எகிறிக் கணினியைக் கொல்லும் பழுதுக்குப் பெயர்போனவை இவைதான்.

சின்கிளேர் ஸ்பெக்ட்ரம்: இதுவும் 1982. அடாப்டர் 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர். 5 வோல்ட் ரெகுலேட்டர் கணினிக்குள்ளேயே இருக்கிறது. கவனிக்க வேண்டியது பிளக்கின் துருவம். இன்றைய அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை பாசிட்டிவ், ஸ்பெக்ட்ரமில் நடுமுனை நெகட்டிவ். கைக்குக் கிடைத்த 9 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் கணினியின் உட்பகுதி கருகும். மைக்ரோ ஜீனியஸ் போன்ற விளையாட்டுக் கருவிகளின் அடாப்டர்கள் அதே பெட்டியில் கலந்து கிடக்கும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக எதையும் மாற்றிச் சொருகாதீர்கள்.

ஆப்பிள் 2: 1977இல் வந்தது. ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் இதற்கு சுவிட்சிங் வகை பவர் சப்ளையை வடிவமைத்தார். பாரமான டிரான்ஸ்பார்மர் இல்லாததால் எடையும் சூடும் குறைந்தன. இது கணினிக்குள்ளேயே இருக்கும். +5, +12, -5, -12 என நான்கு வோல்ட் தருகிறது.

பிபிசி மைக்ரோ: 1981இல் பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் செய்தது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்துக்கும் இதையே தேர்ந்தெடுத்தார்கள். இதிலும் சுவிட்சிங் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கணினி என்றால் முதலில் லேபிளைப் படியுங்கள். பிரிட்டனில் விற்றவை நம் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் மூன்று முனை பிளக்குக்கும் பொருந்தும். ஜப்பானில் விற்ற எம்எஸ்எக்ஸ் கணினிகள் பல 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, அமெரிக்கக் கணினிகள் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. இவற்றை நம் சுவர் பிளக்கில் நேரே சொருகினால் டிரான்ஸ்பார்மர் எரியும். தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும்.

நம் வட்டாரத்தில் கூடுதல் கவனம் ஏன்?

முதலாவது, சூடு. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் ஈரமான ரசாயனம் இருக்கிறது. சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் உள்ள பொதுக் கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே பரணில் பல ஆண்டு கிடந்த பெட்டியின் நிலையை நீங்களே ஊகிக்கலாம்.

இரண்டாவது, ஈரம். பழைய சுவிட்சிங் பவர் சப்ளைகளில், மின்சாரம் நுழையும் இடத்தில் ரீஃபா என்ற பெயர் பொறித்த காகித வகைக் கெப்பாசிட்டர் இருக்கும். மஞ்சள் கலந்த கண்ணாடி நிறம். காலப்போக்கில் அதன் மேலுறை வெடிக்கும். வெடிப்பு வழியே காற்றின் ஈரம் உள்ளே இறங்கும். பல ஆண்டு கழித்து மின்சாரம் கொடுத்ததும் சில நிமிடங்களில் 'டப்' என்ற சத்தத்தோடு வீடு முழுக்கப் புகை. கடலையும் ஆற்று முகத்துவாரத்தையும் ஒட்டிய கோலசிலாங்கூர், ஜெராம் போன்ற இடங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். உப்புக் காற்று பிளக் முனைகளையும் அரிக்கும்.

மூன்றாவது, இடி மின்னல். தீபகற்பத்தின் மேற்குப் பகுதி உலகிலேயே இடி மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. திறந்தவெளிக் கம்பி வழியாக மின்சாரம் வரும் தோட்ட வீடுகளில், மழை இருட்டும்போது பிளக்கைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. சுவிட்சை மட்டும் அடைப்பது போதாது.

சோதிக்கும் முறை

இது டிரான்ஸ்பார்மர் வகை வெளிப்பெட்டிகளுக்கு மட்டும். ஒரு மல்டிமீட்டர் தேவை. அளவெடுப்பது கணினிப் பக்கத்துக் குறைந்த வோல்ட் முனையில் மட்டுமே. மலிவு மல்டிமீட்டரைச் சுவர் பிளக்குக்குள் விடாதீர்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் செய்வதாக இருந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

1. கணினியிலிருந்து பெட்டியைக் கழற்றுங்கள். வயரில் வெடிப்பு, எலி கடித்த தடம், பெட்டியில் உப்பல், கருகிய வாடை, மீன் கவிச்சி போன்ற வாடை இருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கவிச்சி, கெப்பாசிட்டர் ரசாயனம் ஒழுகியதன் அடையாளம்.

2. மூன்று முனை பிளக்கைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபியூசைப் பாருங்கள். இப்படிப்பட்ட சிறு கருவிக்கு 3 ஆம்பியர் போதும். பல வீடுகளில் 13 ஆம்பியர் போட்டிருப்பார்கள். பழுது வந்தால் அது வயரைக் காப்பாற்றாது.

3. வீட்டு மின்பெட்டியில் உள்ள ஆர்சிசிபி சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

4. இனி மின்சாரம் கொடுத்து அளவெடுங்கள். கமடோர் பெட்டியின் டிசி முனை 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். 5.25ஐத் தாண்டினால் அந்தப் பெட்டி இனி எந்தக் கணினிக்கும் வேண்டாம். ஏசி முனை 9க்குப் பதில் 10, 11 காட்டுவது இயல்பு. ஸ்பெக்ட்ரம் அடாப்டர் ரெகுலேட்டர் இல்லாதது. சுமை இல்லாதபோது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் பழுதென்று எண்ண வேண்டாம்.

5. 5 வோல்ட் முனையைச் சுமையோடும் சோதியுங்கள். 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதற்கேற்ற சாக்கெட்டில் வயர் இணைத்துப் பொருத்துங்கள். ஏறக்குறைய 1 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் கை சுடும் அளவு சூடாகும் என்பதால் அதை ஓட்டுத் தளத்தின் மேல் வையுங்கள். அரை மணி நேரம் கழித்தும் வோல்ட் எல்லைக்குள் நிற்க வேண்டும்.

இதில் தேறிவிட்டாலும் பிசின் ஊற்றிய கமடோர் பெட்டியை நம்ப முடியாது. இன்று சரியான அளவு காட்டும் அதே பெட்டி நாளை சூடேறிய பின் எகிறலாம். அதை மாற்றிவிடுவதே நல்லது.

எதைப் பழுது பார்க்கலாம்?

திருகாணி போட்டுத் திறக்கக்கூடிய டிரான்ஸ்பார்மர் பெட்டி என்றால், பிளக்கைக் கழற்றிய பிறகு பழைய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மாற்றலாம். அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 பாகை வகை என்று கேட்டு வாங்குங்கள். பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் பற்றவைத்தால் வெடிக்கும். ஸ்பெக்ட்ரமின் உள்ளே உள்ள 7805 ரெகுலேட்டரும் எளிதில் கிடைக்கும் பொருள். கோலாலம்பூர் புடுவில் உள்ள ஜாலான் பசார் இத்தகைய உதிரிப் பொருள்களுக்குப் பேர்பெற்ற இடம்.

மல்டிமீட்டரின் ஓம் அளவில், சுவரிலிருந்து கழற்றிய பிளக்கின் லைவ், நியூட்ரல் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். பெட்டியில் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். இணைப்பே காட்டவில்லையா? பிளக் ஃபியூஸ் நன்றாக இருந்தும் அப்படியென்றால், வயர் அறுந்திருக்கலாம் அல்லது டிரான்ஸ்பார்மர் சுருளோ அதற்குள் இருக்கும் வெப்ப ஃபியூசோ போயிருக்கலாம். வெப்ப ஃபியூசைத் தாண்டி வயர் போடுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

தொடவே கூடாதது

ஆப்பிள் 2, பிபிசி மைக்ரோவில் உள்ள சுவிட்சிங் பவர் சப்ளையைப் பயிற்சி இல்லாதவர் திறக்கக் கூடாது. 240 வோல்ட் ஏசியை நேர் மின்சாரமாக்கும்போது அதன் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 340 வோல்ட் தேங்குகிறது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அது அங்கேயே இருக்கக்கூடும். உயிரைப் பறிக்கப் போதுமான மின்சாரம் அது.

தெரிந்த மின்னணுப் பழுதுபார்ப்பாளரிடம் கொடுங்கள். ரீஃபா கெப்பாசிட்டரை, நன்றாகத் தெரிந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். அந்த இடத்தில் எக்ஸ்2 முத்திரையுள்ள கெப்பாசிட்டரைத்தான் போட வேண்டும். மின்கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் இருப்பதற்கு ஒய்2 முத்திரை வேண்டும். சாதாரணக் கெப்பாசிட்டர் போட்டால் மீண்டும் அதே புகைதான். இந்த பவர் சப்ளையைச் சுமை இல்லாமல் ஓட்டினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரலாம். அதை வைத்துப் பழுதென்று முடிவு செய்துவிடக் கூடாது.

வீட்டுச் சுவர் பிளக்கிலோ மின்பெட்டியிலோ கோளாறு இருந்தால், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

புதிய பெட்டி வாங்கும்போது

கமடோர் 64க்கென்று இன்றும் புதிய பவர் சப்ளைகள் செய்து விற்கிறார்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் இரண்டும் உண்டா? இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டா? வோல்ட் எகிறினால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு உண்டா? பழைய பெட்டியையே வைத்திருக்க விரும்புவோர், பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் பொருத்தும் துண்டிப்புக் கருவியைத் தனியாக வாங்கலாம். 5 வோல்ட் எல்லை மீறியதும் அது இணைப்பை அறுத்துவிடும். சுவரில் சொருகும் அடாப்டர் எதுவானாலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வேண்டாத பழைய பெட்டியைக் குப்பையோடு வீசாதீர்கள், செம்புக்காகத் தோட்டத்தில் எரிக்கவும் வேண்டாம். பிசினும் வயர் உறையும் எரியும் புகை நுரையீரலுக்குக் கேடு. சுற்றுச்சூழல் இலாகா அங்கீகரித்த மின்னணுக் கழிவுச் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் முன் பெட்டியின் லேபிளைப் படம் எடுத்து, கணினி முனையில் உள்ள பிளக்கை ஒரு சாண் வயரோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பவர் சப்ளை செய்து தருபவருக்கு அந்த இரண்டும் தேவைப்படும்.