அம்மா ஏன் ஜாம் போத்தல்களை எறிய விடவில்லை?

போன மாசி மாதம் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றை ஒதுக்கத் தொடங்கினேன். ஸ்காபரோவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த வீட்டை விற்றுவிட்டு, இரண்டு அறை உள்ள தொடர்மாடி வீட்டுக்கு அம்மாவும் அப்பாவும் மாறப்போகிறார்கள். அங்கே பேஸ்மென்ற் கிடையாது. பாதிச் சாமானையாவது குறைக்க வேண்டும். அந்த வேலையை நான் பொறுப்பெடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேஸ்மென்றோ கராஜோ இருந்தால், உள்ளே என்ன இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஐஸ்கிரீம் வாளிக்குள் மிளகாய்த்தூள். பிஸ்கட் ரின்னுக்குள் ஊசியும் நூலும். பைக்குள் பை, அதற்குள் இன்னும் பை. கலியாண வீடுகளில் கிடைத்து, பெட்டியே திறக்காத கண்ணாடிக் கிண்ணங்கள். ஒரு தட்டு முழுக்கக் கழுவித் துடைத்து மூடி போட்ட வெறும் ஜாம் போத்தல்கள். எண்ணிப் பார்த்தேன், 43 இருந்தன.

அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்து 43 போத்தலையும் மீள்சுழற்சித் தொட்டிக்குள் போட்டு வீதியோரம் தள்ளிவிட்டேன். இரவு பத்து மணிபோல யன்னலால் பார்த்தால், அம்மா குளிர்க்கோட்டோடு வெளியே நிற்கிறார். பனிக்குள் குனிந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்கிறார். உள்ளே வந்து, "கேக்காமல் எறியாதை பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. "இவர்களுக்கு எதையும் விடத் தெரியாது" என்று நண்பர்களோடு சேர்ந்து பகிடி விட்டவள் நான். ஆனால் பனிக்குள் குனிந்து நின்ற அம்மாவைப் பகிடி பண்ண முடியவில்லை. வீட்டில் சாமான் சேருவதற்கும் அதை ஒழுங்காக வைப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். இருக்கிறது. அது எங்கள் வீட்டுக்குள்ளும் வருகிறது.

சாமான் குறைந்த வீடு

முதலில் அம்மம்மாவின் அம்மா காலத்து யாழ்ப்பாண வீட்டை நினைத்துப் பாருங்கள். உறுதிப்பத்திரம், நகை, கூறைச்சேலை எல்லாம் ஒரு பெட்டகத்துக்குள் இருக்கும். பால், தயிர் பூனைக்கு எட்டாமல் உறியில் தொங்கும். அரிசியும் மாவும் பனையோலைப் பெட்டிகளில். சந்தைக்குப் போனால் கடகம், மீன் வாங்க உமல், புடைக்கச் சுளகு. இவற்றில் பெரும்பாலானவை பனையில் செய்தவை. பிய்ந்துபோனால் அடுப்புக்குள்ளோ தோட்டத்து மண்ணுக்குள்ளோ போய்விடும்.

விடிய எழும்பி முற்றம் கூட்டுவது தினமும் நடக்கும் வேலை. பொங்கலுக்கு முன் வீடு முழுக்கத் துப்புரவாகும். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்கிச் சாமிக்கு முன் வைப்பார்கள்.

அவர்கள் எங்களைவிட ஒழுக்கமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. சேருவதற்கு அதிகம் சாமான் இருக்கவில்லை, அவ்வளவுதான். இருந்தவையும் காலத்தோடு மண்ணாகிவிட்டன. நூறு வருடம் போனாலும் மக்காத ஐஸ்கிரீம் வாளி அப்போது இல்லை.

ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்

தொழிற்சாலைகள் மலிவாகப் பொருள் செய்யத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில்தான் "வீட்டை எப்படி ஒழுங்குபடுத்துவது" என்ற கேள்வி ஒரு பாடமாகவே மாறியது. அமெரிக்காவில் காதரின் பீச்சர் 1841இல் வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு நூல் எழுதினார். 1869இல் தன் தங்கை ஹரியட் பீச்சர் ஸ்ரோவோடு சேர்ந்து இன்னொன்று எழுதினார். கப்பலில் சமையல்காரருக்கு இருக்கும் சின்ன இடத்தைப் பாருங்கள், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, வீட்டுக் குசினியையும் அப்படி அமைக்கலாமே என்பது அவருடைய யோசனை.

1912இல் கிறிஸ்ரின் பிரெடெரிக் இன்னும் ஒரு படி போனார். தொழிற்சாலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நேரம் பார்த்து அளக்கும் முறையை வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து, பெண்கள் சஞ்சிகை ஒன்றில் தொடர் கட்டுரைகள் எழுதினார்.

அதை ஜெர்மன் மொழியில் படித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூற்ற-லிகொட்ஸ்கி. முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிராங்பேர்ட் நகரத்தில் வீடுகளுக்குக் கடும் தட்டுப்பாடு. தொழிலாளர் குடும்பங்களுக்காக நகரம் கட்டிய சிறிய வீடுகளுக்கென்று அவர் 1926இல் ஒரு குசினியை வடிவமைத்தார். அகலம் இரண்டு மீற்றர்கூட இல்லை, நீளம் ஏறக்குறைய மூன்றரை மீற்றர். அரிசி, சீனி, பருப்பு என்று பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் சுவரோடு வரிசையாக இருக்கும். இழுத்து எடுத்து அப்படியே சட்டிக்குள் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில் செய்த பெட்டி, புழு வராமல் இருக்க. ஏறக்குறைய 10,000 வீடுகளில் இந்தக் குசினி பொருத்தப்பட்டது. நாங்கள் இன்று பார்க்கும் "மொடேர்ன் கிச்சின்" எல்லாவற்றுக்கும் இதுதான் முன்னோடி. அதை வரைந்தபோது தனக்குச் சமைத்துப் பழக்கமே இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். பின்னர் நாசிகளை எதிர்த்து இயங்கியதற்காகப் போர் முடியும்வரை சிறையில் இருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் குசினி ஞாபகம் வந்தது. ஐஸ்கிரீம் வாளிகளில் ஒட்டுத்தாள் ஒட்டி "உளுந்து", "சீரகம்", "ஊர்த் தூள்" என்று எழுதி வரிசையாக வைத்திருப்பார். அதே யோசனைதான். வாளிக்குத்தான் காசு கொடுக்கவில்லை.

எறிவது நாகரிகமான காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்றுத் திரும்பியது. ஏர்ல் ரப்பர் என்ற அமெரிக்கர் 1946இல் மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்ரிக் பாத்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுதான் ரப்பர்வெயார். 1955இல் லைஃப் சஞ்சிகையில் ஒரு புகைப்படம் வந்தது. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் கடதாசித் தட்டுகளையும் கோப்பைகளையும் ஆகாயத்தில் எறிந்து சந்தோசப்படுகிறார்கள். ஒருமுறை பாவித்து எறியும் வாழ்க்கை வந்துவிட்டது, இனிக் கழுவத் தேவையில்லை என்பது செய்தி. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அன்று அது முன்னேற்றம்.

வட அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த எனக்கு "பழசை எறி, புதிசை வாங்கு" என்பது இயல்பாக வந்தது இந்த வரலாற்றால்தான். அம்மா வந்தது வேறொரு வரலாற்றிலிருந்து.

ஒன்றும் கிடைக்காத காலம்

1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அரிதாகவும் பெரும் விலைக்கும்தான் கிடைத்தது.

அப்போது அம்மாவுக்கு 16 வயது. போத்தல்களை மீட்ட இரவுக்கு ஒரு கிழமைக்குப் பிறகுதான் நான் கேட்டேன். "அம்மா, ஏன் அந்தப் போத்தல்?"

"அது எங்கட விளக்கெல்லே" என்றார்.

ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு. அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். சிறு திரி. போத்தலின் கண்ணாடி காற்றைத் தடுக்கும். குப்பி விளக்கைவிட எண்ணெய் குறைவாகக் குடிக்கும். அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை முழுக்க யாழ்ப்பாணத்தில் படித்தது. அம்மா ஏ.எல். சோதனைக்குப் படித்ததும் அதில்தான். பாட்டுக் கேட்க ஆசை வந்தால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றினால், டைனமோவில் ரேடியோ பாடும். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தார்கள்.

உடைந்த ஜாம் போத்தலுக்குப் பதில் இன்னொன்று வாங்கக் கடையில் ஜாமே இல்லாத காலம் அது. அங்கே போத்தலை எறிவது என்றால் விளக்கை எறிவது.

வெளிக்கிடும்போது எடுத்த பை

1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவு. இராணுவம் யாழ்ப்பாண நகரத்தை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. எல்லோரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலிகாமத்திலிருந்து சில இலட்சம் பேர் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி ஒரே நேரத்தில் நடந்தார்கள். நகர்வதற்கே இடமில்லாத சனம். பெட்டகத்தைத் தூக்க முடியுமா? ஆட்டுக்கல்லை? சைக்கிளில் கட்ட முடிந்ததுதான் சாமான்.

அம்மம்மா எடுத்தது ஒரு துணிப்பை. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணி உறுதி, பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு, கலியாணப் படம் ஒன்று. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டில் கூரை இருக்கவில்லை. பெட்டகமும் இல்லை. துணிப்பை மட்டும் கையில் இருந்தது. அந்தப் பையில் இருந்த தாள்களை வைத்துத்தான் அம்மாவால் 1998இல் கனடாவுக்கு வர முடிந்தது. அகதி விண்ணப்பத்துக்கும் குடும்ப இணைப்புக்கும் நீங்கள் யார் என்று தாளில் காட்ட வேண்டும். தாள் இல்லாதவர்கள் பட்ட பாடு உங்கள் பெற்றோருக்குத் தெரியும்.

இப்போதும் அம்மாவின் அலுமாரிக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. கடவுச்சீட்டு, வீட்டுப் பத்திரம், எங்கள் தடுப்பூசி அட்டை, அம்மம்மாவின் மரணச் சான்றிதழ் எல்லாம் உறை போட்டு, ஆண்டு வாரியாக இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். எங்கள் வீட்டிலேயே மிக ஒழுங்கான பொருள் அதுதான். அம்மாவுக்கு ஒழுங்கு தெரியாது என்று நான் நினைத்திருந்தது பிழை. எதை ஒழுங்காக வைக்க வேண்டும் என்பதை அவருக்கு அந்த இரவு கற்பித்திருந்தது.

நன்றி சொல்லி அனுப்புவது

இப்போது யப்பானுக்கு வருவோம். பொருளை வீணாக்குவதை எண்ணி வருந்துவதற்கு அங்கே "மொத்தைனை" என்று ஒரு சொல் உண்டு. போருக்குப் பிந்திய பஞ்சத்தைக் கண்ட யப்பானியப் பாட்டிமாரும் எங்கள் அம்மம்மாக்களைப்போல எதையும் எறியமாட்டார்கள். பிறகு அந்த நாடு பணக்கார நாடாகி, சின்ன வீடுகள் சாமானால் நிரம்பின. 2009இல் ஹிதெகோ யமஷித்தா "டன்ஷரி" என்ற முறையை ஒரு நூலில் எழுதினார். யோகப் பயிற்சியிலிருந்து எடுத்த கருத்து: தேவையில்லாததை உள்ளே விடாதே, இருப்பதை அகற்று, பற்றை விடு.

அடுத்து வந்தவர் மரி கொண்டோ. அவருடைய நூல் 2014இல் ஆங்கிலத்தில் வந்தது, 2019இல் நெற்ஃபிளிக்ஸில் தொடரும் வந்தது. ஒரு பொருளைக் கையில் எடு, மகிழ்ச்சி தருகிறதா என்று பார், இல்லையென்றால் அதற்கு நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பார். பொருளுக்கு நன்றியா என்று பலர் சிரித்தார்கள். யப்பானில் தேய்ந்து உடைந்த ஊசிகளை மெதுவான தோஃபுவில் குத்தி நன்றி சொல்லும் ஒரு சடங்கே இருக்கிறது. ஆயுத பூசையில் கத்திக்கும் தையல் மெசினுக்கும் சந்தனப் பொட்டு வைக்கும் எங்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆனால் "மகிழ்ச்சி தருகிறதா" என்ற கேள்வி அம்மாவிடம் எடுபடவில்லை. ஜாம் போத்தல் அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை, பயத்தைத்தான் குறைத்தது. அதனால் நான் கேள்வியை மாற்றினேன்: "இது எந்த நாளுக்கு அம்மா?" சிலவற்றுக்குப் பதில் இருந்தது. சிலவற்றுக்கு அவரே சிரித்துவிட்டு, "அந்த நாள் இனி வராது, எடு" என்றார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டிலில் படுக்கவோ அடுப்பில் சமைக்கவோ முடியாத அளவுக்குச் சாமான் குவிந்தால் அது வெறும் பழக்கம் இல்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் குப்பைப் பையோடு போகாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நாங்கள் செய்தது

ஒரு சனிக்கிழமைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டோம். அம்மா இல்லாமல் எதையும் தொடுவதில்லை. எறிவதற்கு முன், யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்போம். கிண்ணங்கள் புதிதாக வந்த ஓர் அகதிக் குடும்பத்துக்குப் போயின. துணிப்பைத் தாள்களை நான் ஸ்கான் செய்தேன். படங்களின் பின்னால் பெயரும் ஊரும் பென்சிலால் எழுதினோம். அதற்கு நேரம் அதிகம் போனது, ஏனென்றால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை இருந்தது.

போத்தல்களுக்கு அம்மாவே வழி கண்டுபிடித்தார். இரண்டு பெட்டி தேசிக்காய் வாங்கி ஊறுகாய் போட்டார். 40 போத்தல் ஊறுகாய் வீதி முழுக்கப் போனது. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆச்சி இன்னொன்று கேட்டு வந்தார்.

மிச்சம் மூன்று. புது வீட்டுக்குப் போன முதல் இரவு, ஒன்றில் விளக்குச் செய்து காட்டச் சொன்னேன். குசினி லைற்றை அணைத்தோம். பஞ்சும் திரியும் எரிய, சுவரில் மஞ்சளாகக் கொஞ்ச வெளிச்சம்.

"இதிலயா அம்மா கெமிஸ்றி படிச்சீங்கள்?"

"ஓம்" என்றார். "நாலு பேர் சுத்தி இருந்து."

அந்தப் போத்தல் இப்போது என் மேசையில் இருக்கிறது.