ஜாஸ் இசையின் தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் அரசாணைகளிலும் தேடுதல் நம் வழக்கம். எழுதப் படிக்கவும் தடுக்கப்பட்ட மக்கள் தம் வரலாற்றை எதில் பதித்து வைப்பர்? அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதனை இசையில் பதித்து வைத்தனர். அவ்விசைகளுள் தலையாயது ஜாஸ். கேளிக்கை விடுதிகளின் வெற்று ஆரவாரம் என அதனை ஒதுக்குவோர் உண்டு. அதன் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்கார்.

விளைநிலம்

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் உடைமை எதனையும் உடன் எடுத்துவர இயலவில்லை. பாட்டும் தாளமும் மட்டுமே அவர்தம் நினைவில் வந்தன. பருத்தி வயல்களில் ஒருவர் பாட, மற்றையோர் விடையிறுத்துப் பாடினர். லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் குறித்த ஓரிடத்தில் மட்டுமே கூடலாம் என்று 1817இல் ஆணை பிறந்தது. காங்கோ சதுக்கம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில் ஆப்பிரிக்கத் தாளங்கள் தொடர்ந்து ஒலித்தன.

1865இல் அடிமை முறை ஒழிந்த பின்னர் 'புளூஸ்' என்னும் பாடல் வகை உருவாயிற்று. அதன் பொதுவான அமைப்பு எளிது. முதலடி இருமுறை பாடப்பெறும். மூன்றாமடி அதற்கு விடை கூறும். மூன்றாம், ஏழாம் சுரங்களைச் சற்றே தாழ்த்திப் பாடுதலால் அதில் ஒருவகை ஏக்கம் பிறந்தது.

அந்நகரில் கிரியோல் எனப்பட்ட கலப்பின மக்களும் வாழ்ந்தனர். அவருட் பலர் ஐரோப்பிய முறையில் இசை பயின்று, சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்க வல்லவர். அவருள் ஒருவரான ஓமர் பிளெசி என்னும் செருப்புத் தொழிலாளி, வெள்ளையர்க்குரிய இரயில் பெட்டியில் அமர்ந்து இனப்பாகுபாட்டை எதிர்த்தார். 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இத்தகைய சட்டங்கள் கிரியோல்களையும் கறுப்பினத்தாரையும் ஒரே வேலிக்குள் அடைத்தன. அங்கே குறிப்பைக் கண்டு வாசித்தோரும் செவியாலறிந்து வாசித்தோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். ஜாஸ் முளைத்த மண் இதுவே.

முன்னோடிகள்

பட்டி போல்டன் என்னும் கார்னெட் கலைஞர் அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தார். 1907இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பெற்ற அவர், 1931இல் அங்கேயே மறைந்தார். அவர் வாசித்த இசையில் ஒரு துளியேனும் ஒலிப்பதிவாக நமக்குக் கிட்டவில்லை. 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டை வாசித்தோர் ஐந்து வெள்ளையர். படைத்தவர் ஒருவர், பதிவு பெற்றவர் வேறொருவர் என்பது வரலாற்றில் புதியதன்று.

1912ஆம் ஆண்டின் இறுதி இரவில் தெருவில் துப்பாக்கி வெடித்ததற்காகச் சிறுவன் ஒருவன் பிடிக்கப்பட்டுச் சீர்திருத்த இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் இசையாசிரியர் அவன் கையில் கார்னெட்டைத் தந்தார். அச்சிறுவனே லூயி ஆம்ஸ்டிராங். அதுவரை பலர் ஒருங்கே கற்பனை செய்து வாசித்த இசையில், தனியொருவரின் கற்பனைக்குத் தலைமை இடம் தேடித் தந்தவர் அவர். 1925 முதல் 1928 வரை அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் இதற்குச் சான்று. ஓர் ஆசிரியர் காட்டிய நம்பிக்கை ஒரு கலையின் போக்கையே மாற்றியது எனலாம்.

வளர்ச்சி நிலைகள்

1930களில் பெருங்குழுக்கள் இசைத்த 'சுவிங்' நாடெங்கும் பரவியது. டியூக் எலிங்டன் தம் குழுவினர் ஒவ்வொருவரின் தனிக்குரலையும் கருதி இசையமைத்தார். ஆயினும் 1927 முதல் அவர் வாசித்த காட்டன் கிளப் விடுதியில் வெள்ளையர்க்கே விருந்தினராக இடம் தரப்பட்டது. மேடை கறுப்பினத்தார்க்கு, இருக்கை வெள்ளையர்க்கு.

1940களில் சார்லி பார்க்கர், டிசி கில்லஸ்பி ஆகியோர் 'பீபாப்' என்னும் புதுமுறையைக் கண்டனர். விரைவும் நுட்பமும் மிக்க அம்முறை, ஆடுவதற்கன்றி அமர்ந்து கேட்பதற்கே உரியது. 1959இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' மற்றொரு திருப்பம். அடிக்கடி மாறும் சுரக்கூட்டுகளைக் குறைத்து, ஒரு சுரவரிசையிலேயே நெடிது நின்று கற்பனை செய்யும் முறை அதில் சிறந்தது. நம் இராக ஆலாபனையைக் கேட்டுப் பழகிய செவிக்கு இம்முறை அயலாகத் தோன்றாது. அதில் சாக்சபோன் வாசித்த ஜான் கோல்டிரேன் பின்னர் இந்திய இசையில் ஈடுபாடு கொண்டார். ரவிசங்கர்பால் கொண்ட மதிப்பினால், 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி எனப் பெயரிட்டார்.

காலங்கடந்த சிறப்பு

அதே 1965இல் எலிங்டனுக்குச் சிறப்பு விருது வழங்குமாறு புலிட்சர் இசை நடுவர்கள் பரிந்துரைத்தனர். விருது வாரியம் அதனை மறுத்தது. எலிங்டன் 1974இல் மறைந்தார். அவர்தம் நூற்றாண்டாகிய 1999இல் அவ்வாரியம் அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. 2011இல் யுனெஸ்கோ நிறுவனம் ஏப்ரல் 30ஆம் நாளை அனைத்துலக ஜாஸ் நாளாக அறிவித்தது.

மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து அறிய வேண்டுவது ஒன்றுண்டு. ஜாஸ் கலைஞர் தாம் வாசிக்கும்போதே பிறர் வாசிப்பதையும் கூர்ந்து கேட்கிறார். கேட்டபின் தம் சொந்தக் குரலில் விடையிறுக்கிறார். வயல்களில் பிறந்த அப்பழக்கம் இன்றும் மாறவில்லை. மதிக்கப்படாத மக்களே பிறரைச் செவிமடுக்கும் கலையை உலகிற்கு அளித்தனர். அவர்களைச் செவிமடுக்க உலகிற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது.