புழுவுக்குள் குடியிருந்த பற்றீரியா

தரம் 8 விஞ்ஞான பாடத்தில் "அன்டிபயோட்டிக் பற்றீரியாவுக்கு மட்டும்தான்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழும்பினான். "சேர், எனக்கு வயித்துல பூச்சி எண்டு உம்மா வீட்டுல மிச்சமிருந்த அன்டிபயோட்டிக் குளிசையத் தந்தா. வேலை செய்யுமா?"

இல்லை என்றோம். பிறகு வீட்டுக்கு வந்து தேடி வாசித்தபோதுதான், அந்த "இல்லை"க்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருப்பது விளங்கியது.

1924இல் அமெரிக்காவில் ஹேர்ட்டிக், வோல்பாக் என்ற இருவர் நுளம்பின் உடற்கலங்களுக்குள் ஒரு பற்றீரியாவைக் கண்டார்கள். 1936இல் அதற்கு வோல்பாக்கியா என்று பெயர் வைக்கப்பட்டது. அது மனிதனுக்கு நோய் தருவதல்ல என்பதால் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

1970களில் யானைக்கால் நோய்க் குடும்பத்துப் புழுக்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களுக்குப் புழுவின் உடலுக்குள் பற்றீரியா போன்ற உருக்கள் தெரிந்தன. அவையும் வோல்பாக்கியாதான் என்பதை 1990களில் மரபணு ஆய்வுகள் காட்டின.

அந்தப் பற்றீரியாவைக் கொன்றால் புழுவுக்கு என்ன ஆகும்? 1999இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள், புழு தொற்றிய எலி இனப் பிராணிகளுக்கு டெட்ராசைக்கிளின் கொடுத்துப் பார்த்தார்கள். புழுக்கள் வளர்ச்சி குன்றி மலடாயின. வோல்பாக்கியா இல்லாத இன்னொரு வகைப் புழுவுக்கோ அதே மருந்தால் ஒன்றும் ஆகவில்லை. மருந்து தாக்கியது புழுவை அல்ல, புழு நம்பி வாழ்ந்த கூட்டாளியை!

2000இல் கானாவில் ஆற்றுக் குருட்டு நோயாளிகளுக்கு டொக்சிசைக்கிளின் கொடுத்தபோது பெண் புழுக்களுக்குள் முட்டை வளர்ச்சி நின்றது. 2005இல் வெளியான தன்சானிய ஆய்வில், யானைக்கால் புழு தொற்றிய 72 ஆண்கள் பங்குபற்றினார்கள். 8 வாரம் டொக்சிசைக்கிளின் குடித்தவர்களில் பெரும்பாலானோரிடம், 14 மாதங்களின் பின் ஸ்கேன் செய்தபோது உயிருள்ள புழுக்களைக் காணவில்லை. வழமையான மருந்துகள் குடம்பிகளை அழித்தாலும் வளர்ந்த புழுவை இலகுவில் கொல்வதில்லை. அதனால்தான் இது பெரிய செய்தியானது.

ஆனாலும் வாரக்கணக்கில் நாளாந்தம் குடிக்க வேண்டிய மருந்தை ஒரு நாட்டுக்கே கொடுக்க முடியாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. நமது நாடு யானைக்கால் நோயை ஒழித்ததும் இதனால் அல்ல. 2002 முதல் 2006 வரை வருடாவருடம் மக்களுக்குக் கொடுத்த டீ.ஈ.சி., அல்பெண்டசோல் குளிசைகள் அதில் பெரும் பங்கு வகித்தன. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை உறுதிப்படுத்தியது.

மறுநாள் வகுப்பில் அந்த வரியை நாம் அழிக்கவில்லை. "பற்றீரியா புழுவுக்குள் இருந்தாலும் சரி" என்று பக்கத்தில் சேர்த்து எழுதினோம்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளின் வயிற்றில் வரும் வட்டப்புழு, கொக்கிப்புழுக்களுக்குள் வோல்பாக்கியா கிடையாது. அவற்றுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தால் புழு அப்படியே இருக்கும். குடலிலுள்ள நல்ல பற்றீரியாதான் சாகும், மிஞ்சுவது மருந்துக்கு அடங்காததாக மாறும். பூச்சிக்கு மெபெண்டசோல், அல்பெண்டசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். அலுமாரியில் மிச்சமிருக்கும் குளிசையை இன்றே அப்புறப்படுத்துங்கள்.