கிளார்க் ஃபோர்க் ஆற்று மீன்களும் கன உலோக மாசும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பாயும் கிளார்க் ஃபோர்க், கன உலோகங்கள் நன்னீர் மீன்களை நலிவிக்கும் விதம் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் ஆறு. பியூட் சுரங்கங்களும் அனகோண்டா உருக்காலையும் வெளியேற்றிய செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் கலந்த வண்டலை 1908ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கரைநெடுகப் படியவிட்டது.

கோடையில் மண் காயும்போது இப்படிவிலிருந்து நீலப்பச்சை நிறச் செம்பு உப்பு மேலே பூக்கிறது. அங்கே புல்கூட முளைப்பதில்லை. திடீர் இடிமழை அந்த உப்பைக் கரைத்து ஆற்றில் சேர்த்தால் டிரவுட் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும். 1980களில் இது பலமுறை நேர்ந்தது. செம்பு, செவுள் வழியே சோடியம் உள்ளேறுவதைத் தடுக்கிறது; காட்மியமும் துத்தநாகமும் கால்சியத்தைத் தடுக்கின்றன. இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து மீன் மாள்கிறது. கடின நீரிலுள்ள கால்சியம் ஓரளவு காப்பளிக்கும்.

கண்ணுக்குத் தெரியும் சாவைவிடக் கொடியது மெல்ல அரிக்கும் பாதிப்பே. நீர் தெளிந்திருந்தாலும், வண்டலில் வாழும் பூச்சிகளின் இளம்புழுக்களில் உலோகம் சேர்ந்திருக்கும். அவற்றைத் தின்னும் மீன்குஞ்சுகளின் குடல் சிதைகிறது, வளர்ச்சி குன்றுகிறது. கல்லீரல் மெட்டலோதையோனின் என்னும் புரதத்தை உருவாக்கி உலோகத்தைப் பிணைத்து வைக்கிறது. வளர்ச்சிக்கு உதவவேண்டிய ஆற்றல் இதில் செலவாகிறது. செம்பு மோப்ப நரம்புகளையும் மழுங்கடிப்பதால், எதிரியின் வாடை அறியாத குஞ்சு எளிதில் இரையாகிறது.

உலோக வண்டலைத் தேக்கிவைத்திருந்த மில்டவுன் அணை 2008இல் உடைக்கப்பட்டு மீன்களுக்கு வழி திறந்தது. மேல்பகுதிக் கரைகளில் துப்புரவுப் பணி அதன் பின்னரும் தொடர்ந்தது.